வெறும் குழாய்க்கு வந்த புற்றுநோய்

புதிதாக ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் தலைமை டெக்னீஷியன் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். "பெரியவரே, நம்ம பசங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார். நாலு வார்த்தையில் நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே கேட்டார். ஆகவே பழி அவரைச் சேரும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களிடம் விட்டால் குறைத்துச் சொல்வார்கள். என் பெயர் தேவசகாயம். சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். ஏழாம் வகுப்புக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. ஆஸ்பத்திரியில் பாட்டில் கழுவப் போனேன். அங்கிருந்து திருப்பதிக்கு வந்து ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவினேன். மற்றவர்கள் கழுவுவதை வேலை என்று நினைத்தார்கள். நான் அதைப் பள்ளிக்கூடம் என்று நினைத்தேன். கழுவிக்கொண்டே எல்லாரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். கடைசியில் என் கையால் ஊற்றின தட்டு என்றால், வெளியூர்ப் பேராசிரியர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்கிற நிலைக்கு வந்தேன். இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லை என்பார்கள். ஆனால் கேட்ட பேராசிரியர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வேறு யார் சொல்வது?

தட்டு என்றதும் சாப்பாட்டுத் தட்டு என்று நினைத்துவிடாதீர்கள். உங்களிடம் இப்போது மெஷின் இருக்கிறது. உள்ளே விட்டால் காகிதத்தில் மலை மலையாகக் கோடு போட்டுத் தருகிறது. எழுபதுகளில் எங்களிடம் இருந்தது கண்ணாடிப் பலகை, அதன்மேல் ஊற்றிக் காயவைத்த வெள்ளை மாவு. திசுவை அரைத்து குளோரோஃபார்ம் கலவையில் குலுக்கினால், அதிலிருக்கும் கொழுப்பு கலவைக்குள் இறங்கிவிடும். அதில் ஒரு சொட்டைத் தட்டின் அடியில் வைத்து, வேறொரு கரைப்பானில் நிறுத்தினால் ஒவ்வொரு வகைக் கொழுப்பும் அதனதன் உயரத்துக்கு ஏறி நின்றுகொள்ளும். அயோடின் புகை காட்டினால் பழுப்புப் பொட்டுகளாகத் தெரியும். அவ்வளவுதான். மிச்சத்தைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது புத்தகத்தில் இல்லாதது.

எங்கள் பேராசிரியை அம்மாவை எல்லோரும் மேடம் என்போம். தெலுங்குக்காரர். என்னிடம் தமிழில் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு. அவர் தெலுங்கில் 'சகாயம்காரு' என்று மரியாதையாகக் கூப்பிட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஓடுவேன். அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே ஒரு சுரப்பி உண்டு, புராஸ்டேட். வயதானால் வீங்கி வழியை அடைக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது வெறும் வீக்கம். சிலருக்குப் புற்றுநோய். ஒவ்வொரு செல்லும் கொழுப்பால் கட்டின சுவருக்குள் இருக்கிற வீடு மாதிரி. புற்றுநோய் செல்லோ கேட்பாரில்லாமல் வீட்டுக்கு மேல் வீடாகக் கட்டிக்கொண்டே போகிறது. அப்படியானால் அதன் கொழுப்புச் சரக்கு எப்படி மாறுகிறது? கொலஸ்ட்ரால் கூடுகிறதா? கூடினால் தனியாகக் கிடக்கிறதா, வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறதா? நெய்யிலும் எண்ணெயிலும் இருக்கிற சாதாரணக் கொழுப்பு எவ்வளவு?

இந்தக் கேள்வியை அவர் முனிரத்தினத்திடம் கொடுத்தார். முனிரத்தினம் நகரிப் பக்கத்துக் கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வந்திருந்தான். உழைப்பாளி. கூச்சக்காரன். என்னை 'ணா' என்று கூப்பிடுவான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தமிழ் என்பதால் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கொஞ்சம் அதிக உரிமை. அந்த உரிமையை அவனைக் கிண்டல் செய்யத்தான் பயன்படுத்தினேன்.

வெறும் வீக்கத் திசுவுக்குப் பஞ்சமில்லை. வழி அடைத்துக்கொண்டு வருகிற தாத்தாக்கள் ஆஸ்பத்திரியில் எப்போதும் உண்டு. அந்தத் தட்டுகளை முனிரத்தினம் முதலில் முடித்துவிட்டான். புற்றுநோய்த் திசுதான் அரிது. அதுவும் சர்ஜனிடமிருந்து வரவேண்டும். அந்த சர்ஜன் நல்ல கைக்காரர், கறாரானவர். இதற்கு முன் வேறொரு மாணவன் வாங்கிப் போன திசுவை ஐஸ் உருகிப்போய் அழுகவிட்டுவிட்டான். அந்தக் கோபம் அவருக்கு ஆறவே இல்லை. முனிரத்தினத்துக்காக மேடமே நேரில் போய்க் கேட்டார். நுண்ணோக்கியில் பார்த்துப் புற்றுநோய் என்று உறுதியான பிறகு மிஞ்சின துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுத்த சர்ஜன், இதில் என்ன செய்தாய் என்று காட்டு, காட்டின பிறகுதான் அடுத்தது என்று சொல்லிவிட்டார். துண்டு என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். பாதிப் பாக்கு. அந்தப் பாதிப் பாக்குகளில்தான் முனிரத்தினத்தின் பட்டமே இருந்தது.

அந்தத் திசுவில் கை வைப்பதற்கு முன் அவன் ஒரு காரியம் செய்தான். அலிபிரியில் படி ஏறி நடந்தே மலைக்குப் போனான். மொட்டை போட்டு, தலைக்குச் சந்தனம் பூசி, கை கொள்ளாத லட்டுகளோடு திரும்பி வந்தான். திருப்பதியில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. யார் மேலே போய்வந்தாலும் ஆய்வுக்கூடம் முழுக்க லட்டு வரும். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சில் சங்கீதம் பாடுகிறவன். ஆனாலும் லட்டு விஷயத்தில் நான் யாருக்கும் பின்வாங்கினதில்லை. பாத்திரம் கழுவும் குப்பம்மா, "சகாயத்துக்கு ரெண்டு வெச்சுடு, இல்லன்னா ஜெபம் பண்ணிக்கினே பாப்பாரு" என்பாள். அவள் வாய்க்கு நாங்கள் எல்லோருமே பயப்படுவோம்.

பிறகு புற்றுநோய்த் தட்டுகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. என்னத்தைச் சொல்வது. வெறும் வீக்கத் தட்டில் இல்லாத பெரிய பொட்டு ஒன்று, சாதாரணக் கொழுப்பு நிற்க வேண்டிய இடத்தில், குங்குமம் இட்ட நெற்றி மாதிரி பளிச்சென்று நின்றது. அடுத்த தட்டிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. புற்றுநோய் செல் கொழுப்பை மூட்டை கட்டி வைக்கிறது என்று முனிரத்தினம் சொன்னான். மேடம் தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெறும் குழாய் வைத்தீர்களா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

வெறும் குழாய் என்றால் திசு எதுவும் போடாமல், கலவையை மட்டும் ஊற்றிக் குலுக்கி, அதையும் தட்டில் வைப்பது. அதில் எந்தப் பொட்டும் வரக் கூடாது. வந்தால் கலவையிலோ கண்ணாடியிலோ அழுக்கு என்று அர்த்தம். அந்த வேலை என்னுடையது. என் வெறும் குழாய் பனி மாதிரி சுத்தமாக இருந்தது. அதை மேடத்திடம் நான் எவ்வளவு பெருமையாகக் காட்டினேன் என்பதை இங்கே எழுதினால் உங்கள் டெக்னீஷியன் கோடு போட்டு அடித்துவிடுவார்.

அப்புறம் என்ன, எங்கள் சிறிய ஆய்வுக்கூடத்தில் திருவிழாதான். பல ஊர்ப் பேராசிரியர்கள் திருப்பதியில் கூடுகிற கூட்டம் ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் முனிரத்தினம் பேசுவதாக ஏற்பாடானது. சர்ஜனும் வருவார். வந்து கேட்டுத் திருப்தியானால் அடுத்த திசு கிடைக்கும். நான் கேன்டீனில் டீ ஆறும்வரை இந்தப் பொட்டைப் பற்றிப் பேசினேன். என் பேச்சு வார்டு வரைக்கும் போயிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கூட்டத்துக்கு முந்தின வாரம் சித்தூரில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. வருஷா வருஷம் எல்லோரும் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்போம். பிறகு ஏலம் விடுவோம். ஏலத்தில் நான் இல்லையென்றால் விலை ஏறாது என்று எங்கள் பாதிரியார் ஐயரே சொல்லியிருக்கிறார். லீவு போட்டுப் போய், யாரும் தூக்க முடியாத பூசணிக்காய் ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். அதோடு நேராக ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தால், ஒருவரும் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். நான் இல்லாததால் வெறும் குழாயையும் முனிரத்தினமே குலுக்கியிருக்கிறான். அந்தத் தட்டை எடுத்து என் முன்னால் வைத்தான். புற்றுநோய்த் திசு ஓடின இடத்தில் பெரிய பொட்டு. பக்கத்தில், எதுவுமே போடாத குழாய் ஓடின இடத்திலும் அதே பெரிய பொட்டு, அதே உயரத்தில்.

"வெறும் குழாய்க்கும் கேன்சர் வந்துட்ச்சிணா" என்றான். சிரிப்பதற்காக அவன் சொல்லவில்லை. முகம் செத்துப் போயிருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் நடக்கிறதை நீங்களும் ஒருநாள் பார்ப்பீர்கள். குழாய் சரியாகக் கழுவவில்லை என்று குப்பம்மாவைச் சொன்னார்கள். குப்பம்மா, கலவையைக் கலக்கினது யாரென்று கேட்டாள். கலவை கலக்கினவர், மாவு பழசு என்றார். மாவு என்றால் தட்டு. தட்டு என்றால் நான். நான் பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு, என் தட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எதிரே வந்து பேசட்டும் என்று சொன்னதாக ஞாபகம். அப்போது மேடம் தெலுங்கில் ஆரம்பித்தார். எல்லோரும் வாயை மூடினோம்.

அவர் யாரையும் திட்டவில்லை. ஆளுக்கொரு வெறும் குழாய் எடுங்கள் என்றார். மேடமும் ஒன்று எடுத்தார். குப்பம்மாவுக்கும் ஒன்று. எப்போதும் குலுக்குகிற மாதிரியே குலுக்குங்கள் என்றார். பிள்ளைகளே, இங்கேதான் விஷயம். கண்ணாடி மூடி போட்டுக் குலுக்க வேண்டும் என்பது சட்டம். மூடி ஒன்று உடைந்திருக்கும், ஒன்று இன்னொரு குழாய்க்குப் பொருந்தும், ஒன்றைக் காணோம். அவசரத்துக்குக் கட்டைவிரலால் வாயை அடைத்துக் குலுக்குவோம். கையுறை எல்லாம் அந்தக் காலத்தில் ஆபரேஷன் தியேட்டரோடு சரி. கட்டைவிரலில் குளிர்ச்சியாக இருக்கும், அதோடு மறந்துவிடுவோம். அந்தக் குளிர்ச்சி என்ன என்று யோசித்தீர்களா? குளோரோஃபார்ம் விரலைக் கழுவிக்கொண்டு போகிறது.

எல்லோருடைய கட்டைவிரல்களும் ஒரே தட்டில் வரிசையாக ஏறின. புகை காட்டினதும் சுற்றி நின்று பார்த்தோம். யாருமே சுத்தமில்லை. மனுஷன் தோலிலேயே எண்ணெய் இருக்கிறதே, எப்படிச் சுத்தமாக வரும்? மேடத்தின் வரிசையில் மேலே மங்கலாக ஒரு கறை. கலவைக்காரருக்கு அதைவிடத் தடிப்பு. எனக்கும் இருந்தது, ஆனால் தேடினால்தான் தெரிகிற அளவுக்குச் சின்னது. நாள் முழுக்க ஆசிட்டில் கண்ணாடி ஊறவைக்கிறவன் என்பதால் சோப்புப் போட்டுப் போட்டு என் கை காய்ந்துபோயிருந்தது. என் வெறும் குழாய் இத்தனை நாள் ஏமாற்றினதும் அதனால்தான். குப்பம்மாவுடையது என்னுடையதைவிடச் சின்னது என்று அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அது தட்டு சாய்வாக நின்றதால் வந்த தோற்றம்.

முனிரத்தினத்தின் கட்டைவிரல் மட்டும் தட்டையே அடைத்துக்கொண்டு நின்றது. அதே பெரிய பொட்டு.

அவன் தன் மேஜைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தான். உள்ளே காகிதத்தில் மடித்த லட்டு, பாதிக்குமேல் தீர்ந்துபோனது. புற்றுநோய்த் திசுவைத் தொடத் தொடங்கின நாளிலிருந்து, காலையில் அதில் ஒரு துளி கிள்ளி வாயில் போட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்திருக்கிறான். விரலில் ஒட்டின நெய்யைத் தலையில் தடவிக்கொண்டிருக்கிறான். முடியில்லாத தலை எவ்வளவு நெய்யை வாங்கிக்கொள்ளும்? மிச்சம் கட்டைவிரலிலேயே இருந்திருக்கிறது. வெறும் வீக்கத் தட்டுகள் எல்லாம் மலைக்குப் போவதற்கு முன் முடிந்தவை. அதனால்தான் அவற்றில் அந்தப் பெரிய பொட்டு இல்லை.

"கை கழுவலியா?" என்று நான் கேட்டேன்.

"அந்தத் தொட்டியில ரத்தம் போவுது, ஆசிட் போவுது. அதுல எப்டிணா சாமி நெய்ய கழுவி வுடறது?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? கலவைக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். மேடம் அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது. மேடம் அந்தக் காகிதத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இதை வீட்டுக்குக் கொண்டுபோ என்று அவன் கையில் கொடுத்தார். "தப்பு பிரசாதத்துல இல்ல, மூடியில. மூடிங்கள நான்தானே பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். கூட்டத்தில் பேசுவதா வேண்டாமா என்று அவர் சொல்லவில்லை. அது முனிரத்தினத்தின் வேலை, முனிரத்தினத்தின் முடிவு.

அன்று சாயங்காலம் அவன் என்னோடு நடந்துவந்தான். பூசணிக்காயை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். அதனால் அவன் பேசுவதை நான் பொறுமையாகக் கேட்க வேண்டியிருந்தது. அவன் யோசனை இது. கூட்டத்தில் இருக்கிறதைச் சொல்லிவிடுவது. சர்ஜன் மகிழ்ந்து புதுத் திசு கொடுப்பார். அதைச் சுத்தமாகச் செய்து, பிறகு மெதுவாகத் திருத்திக்கொள்வது. இல்லையென்றால் நெய்யை ஓட்டி விளையாடினேன் என்று சர்ஜன் முன்னால் நிற்க வேண்டும். அதோடு திசு நின்றது, பட்டம் நின்றது, நகரிக்குப் போய்க் கரும்பு வெட்ட வேண்டியதுதான். ஐஸ் பெட்டியில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு துண்டு. அதை ஓட்டித் தீர்த்துவிட்டால் அப்புறம் கையில் ஒன்றுமில்லை.

பொய் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நேரத்தில் அது பொய் மாதிரியே இருக்காது. கொஞ்சம் தாமதமாகச் சொல்கிற உண்மை மாதிரி இருக்கும். நீங்களும் ஒருநாள் அந்த இடத்தில் நிற்பீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. அந்த மிஞ்சின துண்டு யாருடையது என்று கேட்டேன். சத்தியவேட்டுக்காரர் ஒருவர், இன்னும் வார்டில்தான் இருக்கிறார் என்றான். சரி, நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம், அப்புறம் முடிவு செய் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், எனக்கு ஏதோ பெரிய யோசனை இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் பூசணிக்காய் வீடு வந்து சேரும்வரை பேச்சு வளர வேண்டும் என்பதுதான்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனோம். சத்தியவேட்டுப் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் முடிந்து ஆள் பாதியாகியிருந்தார். ஆனால் வாய் முழுசாக இருந்தது. திசு வாங்கப் போனபோதே பழக்கமான முனிரத்தினத்தைப் பார்த்ததும், "வாய்யா மொட்டை டாக்டரு, மறுபடி இன்னா வெட்ட வந்த?" என்றார். பக்கத்தில் அவர் மனைவி தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே குழைந்த சோறும் மிளகுத் தண்ணீரும்தான். தினமும் இதுதானா என்று நான் கேட்டேன். அந்தம்மா பொங்கிவிட்டார்.

"நெய் வேணாமாம், எண்ணெ வேணாமாம். கடலெ கூட வாயில வெக்க மாட்றாரு. சர்ஜன் அய்யா சொல்ட்டாராம். இவரு ஒடம்புல அந்த நோவு கொழுப்பத் துன்னு வளருதுன்னு எதோ பரிச்சையில கண்டுபுடிச்சாங்களாமே. எங்க காட்டுக் கடலெய வறுத்து எடுத்தாந்தேன், மூட்டையப் பிரிக்கவே வுடல."

"பட்டினியாப் போட்டா அது செத்துடும் இல்ல?" என்றார் பெரியவர், முனிரத்தினத்தைப் பார்த்து. கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

சர்ஜனைக் குறை சொல்ல முடியாது. ஆராய்ச்சியில் இப்படி ஒன்று தெரிந்திருக்கிறது என்று காதில் விழுந்திருக்கிறது. எதற்கும் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். கேன்டீனில் ஆரம்பித்த பேச்சு அது. எந்த வாயிலிருந்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முனிரத்தினம் அந்தத் தூக்குச்சட்டியை வாங்கிக் கீழே வைத்தான். பிறகு பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து, "இல்ல நைனா. அது தப்பு. நான் பண்ண தப்பு. நான் இப்பவே போயி சர்ஜன்கிட்ட சொல்றேன். நீ துன்னு" என்றான். தன் அப்பாவைக் கூப்பிடுகிற அதே வார்த்தை அவன் வாயில் தானாக வந்தது.

சர்ஜன் தியேட்டருக்குள் இருந்தார். வாசலிலேயே காத்திருந்து, கை கழுவிக்கொண்டு வெளியே வந்தவரிடம் முனிரத்தினம் நெய், கட்டைவிரல், வெறும் குழாய் எல்லாவற்றையும் நின்ற வாக்கில் சொன்னான். நான் பத்தடி தள்ளித்தான் நின்றேன். தைரியமில்லாமல் அல்ல, அவன் தனியாகச் சொன்னால்தான் மரியாதை என்று. சர்ஜன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நர்ஸைக் கூப்பிட்டு, அந்தப் பெரியவர் என்ன கேட்டாலும் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். அடுத்த திசு உண்டா இல்லையா என்று சொல்லாமல் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது பையன் அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. மிஞ்சின துண்டை இன்றைக்கே ஓட்டிவிடலாம்ணா என்றான். தீர்ந்துபோனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். தீரட்டும், இதை வைத்துக்கொண்டு என்ன கதை விடப்போகிறேன் என்றான். அந்தத் தட்டை நான் ஊற்றினேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல தட்டு ஊற்றினதில்லை. குப்பம்மா ஊரெல்லாம் தேடிப் பொருந்துகிற கண்ணாடி மூடிகளைக் கொண்டுவந்தாள். அடுத்த டிபார்ட்மென்டில் எடுத்தாளா கேட்டு வாங்கினாளா என்று யாரும் விசாரிக்கவில்லை. வெறும் வீக்கத் திசுவும் புதிதாக எடுத்து, பக்கத்திலேயே, ஒரே நாளில், ஒரே ஆள் கையால், மூடி போட்டுக் குலுக்கி ஓட்டினோம்.

பெரிய பொட்டு போயே போய்விட்டது. வெறும் குழாய் ஓடின இடம் வெள்ளையாக இருந்தது. புற்றுநோய்த் திசு ஓடின இடத்தில், சாதாரணக் கொழுப்பு எல்லோருக்கும் இருக்கிற அளவுதான். ஆனால் அதற்கு மேலே, தட்டின் உச்சியில், இத்தனை நாள் நெய்ப் பொட்டு பரவி மறைத்துக்கொண்டிருந்த இடத்தில், சின்னதாக இன்னொரு பொட்டு. கொலஸ்ட்ரால் வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற வகை அது. வெறும் வீக்கத்தில் மங்கலாக இருந்தது. இதில் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. கொஞ்சம்தான். நான் உடனே கேன்டீனுக்குக் கிளம்பினேன். மேடம், "சகாயம்காரு" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு துண்டு, ஒரு துண்டுதான்" என்று முனிரத்தினத்திடம் சொன்னார் மேடம். "அது என்ன சொல்லுதோ அத சொல்லு. அதுக்கு மேல நீ சொல்லாதே."

கூட்டத்தன்று கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரமாக நின்றேன். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் மலைக்குப் போய்விட்டு வந்த மொட்டைத் தலைகள். சர்ஜன் ஓரமாக ஒரு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முனிரத்தினம் மேடை ஏறி, முதலில் நெய்த் தட்டைக் காட்டினான். இதை என் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன் என்று இங்கிலீஷில் ஆரம்பித்து, கட்டைவிரல் இடம் வந்ததும் இங்கிலீஷ் போதாமல் தெலுங்கில் முடித்தான். மொட்டைத் தலைகள் எல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. பலர் தங்கள் கட்டைவிரலை ஒருமுறை பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். பிறகு கடைசித் தட்டைக் காட்டினான். சிரிப்பு அடங்கிவிட்டது. உச்சியில் இருந்த சின்னப் பொட்டைக் குச்சியால் தொட்டு, இது இருப்பதாகத் தெரிகிறது, ஒரே ஒரு துண்டில் பார்த்தது, என்னிடம் வேறு துண்டு இல்லை என்று சொன்னான்.

தலைமை வகித்தவர், அப்படியானால் உங்கள் முடிவு என்ன என்று எழுதிக்கொள்வது என்று கேட்டார். முடிவு இல்லை, கேள்வி மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினான். கைதட்டல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவன் என்னிடம்தான் வந்தான். வியர்த்துக் கொட்டியிருந்தது. ஊருக்கு எப்போது பஸ் என்று கேட்டான்.

அடுத்தவர் பேச ஆரம்பித்துவிட்டார். சர்ஜன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். நேராக எங்களிடம் வந்தார். முனிரத்தினம் விறைத்துப்போனான். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்; அவர் கையைக் காட்டினார், நிறுத்திவிட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

சர்ஜன் தெலுங்கில், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, மெதுவாகச் சொன்னார்: "திங்கட்கிழமை காலையில தியேட்டர்ல ஒண்ணு இருக்கு. ஐஸ் எடுத்துக்கிட்டு வா. கட்டைவிரல மட்டும் வீட்டுல வெச்சுட்டு வா."